வாந்தி நின்றுவிட்டது, வயிறும் தெரியவில்லை: நான்காம் மாதத்துக்குப் பிறகு என்னென்ன எதிர்பார்க்க வேண்டும்?

கொருக்குப்பேட்டைக்காரி எழுதியது:

வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை. 15-ஆவது வாரம் நடக்கிறது. வீடு கொருக்குப்பேட்டையில், வேலை எம்.சி. சாலையில் ஒரு துணிக்கடையில், புடவைப் பிரிவில்.

போன மாதம் வரை பல் துலக்கினாலே குமட்டும். சோறு வடிக்கும் வாசனை ஆகாது. அடுத்த வீட்டில் கருவாடு வறுத்தால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். இப்போது திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது. நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. வீட்டில் எல்லோரும் மசக்கை தெளிந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். எனக்கோ உள்ளுக்குள் பயம். வாந்தி நின்றால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருளா? வயிறும் பெரிதாகத் தெரியவில்லை. மாமியார் தினமும் என்னைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்க்கிறார். குழந்தை அசையும் துடிப்பும் இன்னும் தெரியவில்லை.

நேற்று படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தபோது அடிவயிற்றில் வலது பக்கம் சுரீரென்று இழுத்தது. சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது, ஆனாலும் மனம் ஆறவில்லை. கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கிவிட்டேன். சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது. தொடர வேண்டுமா? மீன் சாப்பிடலாமா என்பதில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தண்டையார்பேட்டை செவிலியம்மா எழுதியது:

மகளே, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். நான் இந்த வடசென்னையிலேயே பிரசவ வார்டிலும் மாநகராட்சி சுகாதார நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை வெள்ளைத் தாளாக முகம் வெளுத்துக் கேட்ட பெண்கள் ஏராளம். வாந்தி நிற்க வேண்டிய காலத்தில்தான் நின்றிருக்கிறது. கருவைத் தக்கவைக்கும் ஹார்மோன் ஒன்று 10-ஆவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்கும். குமட்டலும் அதோடு சேர்ந்து இறங்கும். இரத்தக் கசிவு இல்லை, விடாத வயிற்று வலி இல்லை என்றால் வாந்தி நின்றது நல்ல செய்திதான். மனம் கேட்கவில்லையா, அடுத்த பரிசோதனையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

வயிற்றைப் பற்றி மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கும். 20-ஆவது வாரத்தையொட்டித்தான் தொப்புள் மட்டத்துக்கு ஏறி வரும். தலைப்பிள்ளைக்கு வயிற்றுத் தசை தளர்ந்திருக்காது, அதனால் இன்னும் தாமதமாகத்தான் வெளியே தெரியும். வயிற்றின் அளவு சரியா என்று பார்ப்பதற்குத்தான் நாங்கள் கை வைத்துப் பார்க்கிறோம், பிறகு டேப் வைத்து அளக்கிறோம். பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்த்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது.

குழந்தை அசையும் துடிப்பு, முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் தெரியும். சிலருக்கு 22 ஆகும். முதலில் வயிற்றில் வாயு நகர்கிறதோ என்றுதான் தோன்றும். உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது, சாப்பிட்ட பிறகு, இரவில் படுத்ததும் கவனித்துப் பாருங்கள். 24 வாரம் ஆகியும் தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். ஒருமுறை தெரியத் தொடங்கிய அசைவு பிறகு குறைந்தாலோ நின்றாலோ அன்றைக்கே போக வேண்டும்.

எழும்போது இழுத்த வலி, கர்ப்பப்பையை இருபுறமும் பிடித்திருக்கும் தசைநார் நீள்வதால் வருவது. வலது பக்கம்தான் பலருக்கு வரும். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி, மெதுவாக எழுந்திருங்கள். இருமலும் தும்மலும் வரும்போது முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள். இன்னும் சில வாரங்களில் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நெஞ்செரிச்சல் வரும், மூக்கடைக்கும், பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசியும், தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுத்த கோடு விழும். இவையெல்லாம் வந்து போகிறவை. சொத்தைப் பல் இருந்தால் இந்த மூன்று மாதத்துக்குள் வைத்தியம் செய்துவிடுங்கள். பல் மருத்துவத்துக்கு இதுதான் வசதியான காலம்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. இந்த நடு மூன்று மாதம் உடம்பு லேசாக இருக்கும். லேசாக இருப்பதாலேயே பெண்கள் பரிசோதனை அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்து வளைகாப்புக்குத்தான் எடுப்பார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். இது இரத்தம் சேர்த்துக்கொள்ளும் காலம். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிறது. ஆனால் நீர்ப்பகுதி பெருகும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் பெருகாது. வந்த விருந்தாளிக்காக ரசத்தில் தண்ணீர் கூட்டியதுபோல் ஆகிவிடும். முன்பு நன்றாக இருந்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் இறங்குவது இதனால்தான். 11 கிராமுக்குக் கீழே போனால் அதை இரத்தசோகை என்கிறோம். சிக்கலில்லாத பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை இரத்தம் போகலாம். 11 கிராம் உள்ளவள் அதைத் தாங்கி எழுந்து உட்காருவாள். 7 கிராம் உள்ளவளால் முடியாது. அப்படி வலியெடுத்து வந்தவர்களுக்காக நடு இரவில் இரத்த வங்கிக்கு ஆள் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். கணவன் வராந்தாவில் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "உனக்கு என்ன குரூப்?" என்று கேட்டுக்கொண்டிருப்பான். அந்த நிலை ஒன்பதாம் மாதத்தில் தொடங்குவதில்லை. உங்கள் மாதத்தில், மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்ட நாளில் தொடங்குகிறது.

ஆகவே நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போவது மருந்து உள்ளே போயிருப்பதன் அடையாளம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது, கூடவே ஃபோலிக் அமிலம். தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்முன் போடுங்கள். ஒரு வாய் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டால் இன்னும் நன்றாக உடம்பில் சேரும். டீயோடும் காபியோடும் பாலோடும் கண்டிப்பாகக் கூடாது, சத்து சரியாக உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரை தனி. அது நாளுக்கு இரண்டு, காலை உணவுக்குப் பிறகும் மதிய உணவுக்குப் பிறகும். இரண்டு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒன்று இன்னொன்றைச் சேரவிடாது, இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். பூச்சி மாத்திரை 400 மில்லிகிராம் ஒன்று, இந்தக் கட்டத்தில்தான் கொடுப்பார்கள். அதை மென்று விழுங்குங்கள்.

வயிறு கட்டுவதற்குக் கொய்யாப்பழம், கீரை, முக்கியமாகத் தண்ணீர். இங்கேதான் உங்கள் கடை எனக்குக் கவலை தருகிறது. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும் என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கர்ப்பத்தில் அது ஆபத்து. சிறுநீர்த் தொற்று வந்தால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். சிறுநீர் எரிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், வேர்க்கடலை, கறி சாப்பிடுகிறவர் என்றால் நன்றாக வெந்த சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்). ஈரல் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை உண்டு. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் சொல்லாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தக் கணக்கு செல்லாது, மறுநாள் மறுபடி வர வேண்டும். நடுவில் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவதும் கூடாது. டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி தலைப்பிள்ளைக்கு இரண்டு, நான்கு வார இடைவெளியில். போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள்.

எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். இரத்தம் ஒரு துளி பட்டாலும் போங்கள். பனிக்குட நீர் கசிந்தால், வயிறு விட்டு விட்டுக் கல்லாக இறுகினால், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், மேல்வயிறு வலித்தால் நேரம் பார்க்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்று ஏறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலையில் காலில் மட்டும் சற்று வீக்கம், காலையில் வடிந்துவிடுகிறது என்றால் அது நின்று வேலை செய்வதால் வருவது. காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், விழிப்பு வந்ததும் திரும்பிக்கொண்டால் போதும்.


காசிமேட்டு மீன்காரி எழுதியது:

மீன் பேச்சு வந்ததால் நான் எழுதுகிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றுக்கும் மீன் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு மீன் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எந்த மீன் என்பதில்தான் கவனம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்கிறது, சின்ன மீன்களில் இருக்கும் பாதரசம் எல்லாம் பெரியதன் உடம்பில் போய்ச் சேருகிறது. அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. அதனால் சுறா வேண்டாம், பெரிய வஞ்சிரத் துண்டும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்போம். அது பிரசவத்துக்குப் பிறகு, அதுவும் குட்டிச் சுறா. அந்தப் பழக்கத்தை நினைத்து இப்போதே சுறா கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு.

நெத்திலி, கவலை, காணாங்கெளுத்தி, காரப்பொடி, கிழங்கான். இவை போதும். விலையும் குறைவு, சத்தும் அதிகம். நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். நன்றாக வேக வேண்டும், முள்ளை ஒட்டிச் சதை கண்ணாடிபோல் இருக்கக் கூடாது.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வேண்டாம். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். வயிற்றில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த 61 நாளில் வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீன்தான் அதிகம். உங்கள் ஆறாம் மாதம் அந்தக் காலத்தில் வந்தால், சின்னப் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வருவதைக் கேட்டு வாங்குங்கள். காலையில் சீக்கிரம் வந்தால் கிடைக்கும். கருவாடு வாய்க்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உப்பு. ஆசைக்கு ஒரு துண்டு போதும். இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அதுவும் வேண்டாம்.


ராயபுரம் அக்கா எழுதியது:

தங்கச்சி, செவிலியம்மா ஸ்கேனைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 18-லிருந்து 20 வாரத்துக்குள் ஒரு பெரிய ஸ்கேன் எடுப்பார்கள். அனாமலி ஸ்கேன் என்பார்கள், நம் பக்கத்தில் ஐந்தாம் மாத ஸ்கேன். அதைத் தள்ளிப்போடவே கூடாது. அந்த வாரங்களில்தான் குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், உதடு, கை கால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும். ஏதாவது குறை இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்க அவகாசமும் இருக்கும். ஏழாம் மாதத்தில் போய் நின்றால் அந்த அவகாசம் கையை விட்டுப் போய்விடும்.

என் மூத்தவளுக்குப் போனபோது டாக்டர் வெகுநேரம் கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் என்ன தெரிகிறது என்று எனக்குப் புரியவில்லை, அவர் புருவம் சுருங்குவது மட்டும் தெரிந்தது. கடைசியில், "குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, முகம் தெரியவில்லை. போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடந்துவிட்டு வாருங்கள்" என்றார். ஜூஸ் குடித்துவிட்டுப் படியேறி இறங்கி மறுபடி போனேன், திரும்பியிருந்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. டாக்டர் பேசாமல் பார்க்கிறார் என்றால் எண்ணி அளந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். தளர்ந்த சுடிதார் அல்லது புடவையில் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், பழைய ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துப்போங்கள்.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். வயிறு கூர்மையாக இருக்கிறது, புளிப்பு பிடிக்கிறது என்று தெருவில் கணக்குப் போடுவார்கள். இரண்டு பிள்ளைகளிலும் என் தெருவின் கணக்கு பொய்த்தது. குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் தொடர்பே இல்லை. அந்தப் பணத்துக்குப் பேரீச்சம்பழமும் முட்டையும் வாங்கலாம். பழுத்த பப்பாளி ஆகும், காய் கூடாது.

ஐந்தாம் மாதம் பூ முடிப்பார்கள். விரும்பினால் மகிழ்ச்சியாகச் செய்துகொள்ளுங்கள். புகைமூட்டமான மண்டபத்தில் நெடுநேரம் உட்காரவைக்காமல் வீட்டோடு முடித்தால் உங்களுக்கு நல்லது. எனக்கு அந்த மாதங்கள் மிகப் பிடித்தவை. மூச்சு வாங்காது, தூங்கலாம், கடற்காற்று வாங்க நடக்கலாம். அனுபவியுங்கள்.


திருவொற்றியூர் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, நான் தொழிற்சங்க வேலையில் இருப்பவன். நாள் முழுக்க நிற்கிறேன் என்று எழுதியிருந்தது மனதை உறுத்தியது. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கடை ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். கர்ப்பிணி என்றுகூடச் சொல்லத் தேவையில்லை, அது எல்லோருக்கும் உள்ள உரிமை. சலுகை கேட்பதுபோல் தயங்கிக் கேட்காதீர்கள். டாக்டரிடம் "நெடுநேரம் நிற்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள், பேச்சு குறையும். உங்களோடு வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். முந்தைய இரண்டு அரையாண்டுச் சந்தாக் காலங்களில் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. இதை ஒன்பதாம் மாதம் போய்க் கேட்டால் அலைச்சல்தான். இப்போதே விசாரியுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் தகுதி இருக்கிறதா என்று செவிலியரிடம் கேளுங்கள். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகத் தவணைகளில், மீதி நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பிக்மி எண்ணைப் பத்திரமாக வையுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள்.

வண்டியில் போனால் கணவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் உட்காராமல் இருபுறமும் கால் போட்டு உட்காருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி நடுவே இரண்டு சக்கர வண்டி வேண்டவே வேண்டாம்.


கொருக்குப்பேட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்தாம் மாத ஸ்கேன் நேற்று முடிந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள், உயிர் வந்தது. கடையில் ஸ்டூல் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து போய்க் கேட்டோம், எல்லோருக்குமே கிடைத்தது. ஆனால் அறிக்கையில் நஞ்சுக்கொடி முன்பக்கம், கீழே இறங்கி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு சித்தி, அப்படியென்றால் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், ஆபரேஷன்தான் என்கிறார். துடிப்பும் லேசாக எப்போதாவதுதான் தெரிகிறது. செவிலியம்மா, இது என்ன?


தண்டையார்பேட்டை செவிலியம்மா எழுதியது:

மகளே, ஸ்டூல் கிடைத்தது எனக்கு ஸ்கேன் அறிக்கைக்கு அடுத்த மகிழ்ச்சி.

நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் குழந்தைக்கும் உங்கள் வயிற்றுச் சுவருக்கும் நடுவே அது இருக்கிறது. குழந்தை உதைப்பது அதன்மேல் பட்டு அடங்கிவிடும். துடிப்பு லேசாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். போகப் போகத் தெளிவாகும்.

கீழே இருப்பது 20-ஆவது வாரத்தில் அடிக்கடி எழுதப்படுவது. நஞ்சுக்கொடி தன் இடத்தைவிட்டு நடந்து போவதில்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி இனிமேல்தான் நீண்டு வளரப்போகிறது. அது வளரும்போது நஞ்சுக்கொடியின் விளிம்பு கர்ப்பப்பை வாயிலிருந்து விலகி மேலே போய்விடும். பெரும்பாலானவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் சரியாகிவிடுகிறது. 32-ஆவது வாரத்தையொட்டி மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஆபரேஷனா சாதாரணப் பிரசவமா என்ற பேச்சே அதன் பிறகுதான். சித்தியிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். இரத்தக் கசிவு இல்லாதவரை படுக்கையிலேயே கிடக்கத் தேவையில்லை. கனமான புடவைக் கட்டுகளைத் தூக்க வேண்டாம். தாம்பத்தியத்தைப் பற்றியும் டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வலியே இல்லாமல் இரத்தம் பட்டால், அளவு குறைவாக இருந்தாலும், பக்கத்துத் தெரு கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் இரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி அறிக்கையைக் கையில் கொடுங்கள். ஸ்கேனில் இடத்தை உறுதி செய்யாமல் யாரும் உள்பரிசோதனை செய்யக் கூடாது. 108-ஐ அழைக்கும்போது உங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேட் மூடியிருந்தால் எந்த வழியாக வர வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கே ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் இரத்தப் பிரிவையும் ஹீமோகுளோபினையும் எழுதவில்லையே? நெகட்டிவ் பிரிவு என்றால் 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், நடுவில் கசிவு ஏற்பட்டாலும் போட வேண்டும். அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.


கொருக்குப்பேட்டைக்காரி எழுதியது:

பி பாசிட்டிவ், அம்மா. ஹீமோகுளோபின் 10.2 என்று இருக்கிறது. மாத்திரையை இரவில் எலுமிச்சைத் தண்ணீரோடு போடுகிறேன், இப்போது குமட்டுவதில்லை.


தண்டையார்பேட்டை செவிலியம்மா எழுதியது:

10.2 என்றால் ஒரு மாத்திரை போதாது. 11-க்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளுக்கு இரண்டு என்பதுதான் அரசு முறை. நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போய் அட்டையைக் காட்டி, இரண்டாக மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பாருங்கள், ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்களா என்று கேளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அதற்கு வசதி உண்டு. உங்கள் வீட்டுக்காரர், தம்பி, சித்தி மகன் இவர்களில் பி பாசிட்டிவ் யார், ஓ பாசிட்டிவ் யார் என்று கேட்டு இரண்டு பேரின் போன் எண்ணை அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.